கோட்டைதான் மக்கா, இருபதாவது லெவல் இன்னும் பாக்கி

என் ஆன்றோ மக்கா,

கோட்டைதான். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். நீ கேட்டு ஒரு வருஷம் தாண்டிவிட்டது, பதில் இப்போதுதான் கையில் சிக்கியிருக்கிறது.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, மஞ்சளாய்ப் போன கண்ணோடு நீ கேட்டாய்: "எலே பிபினு, நாம விளையாடின பழைய கம்ப்யூட்டர் கேம்ல எதுடே இன்னிக்கு எடுத்து வச்சாலும் கொள்ளாம், நல்லா இருக்கும்?" எலிக்காய்ச்சலில் கிடக்கிறவன் கேட்கிற கேள்வியா அது? "சவத்த விடு, முதல்ல எழும்பி வா, பெறவு பேசலாம்" என்றேன். ஒன்பதாம் நாள் உன்னைத் தூக்கித்தான் கொண்டுவந்தோம். பதில் சொல்லாமல் விட்டது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

அதனால் எல்லாவற்றையும் திரும்ப விளையாடிப் பார்த்தேன். இப்போது எனக்கு அதற்கு வசதி உண்டு. திங்கள்சந்தையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. ஏழு மாதமாக ஒரே கடையில் நிற்கிறேன், நம்பு. இஞ்சினியரிங்கை மூன்றாம் வருஷம் பாதியில் விட்டவன், அதற்கப்புறம் நான்கு வேலையை விட்டவன், ஏழு மாதம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நீ சிரிப்பாய். ஆட்கள் பழைய சிபியுக்களைத் தூக்கி எறியக் கொண்டுவருவார்கள். நான் ஒன்றோடு ஒன்றைக் கோர்த்து இரண்டை உயிரோடு எழுப்பி வைத்திருக்கிறேன்.

சங்கிலி பைக் பத்து நிமிஷத்துக்குக் கொள்ளாம். பக்கத்தில் வருகிறவனைச் சங்கிலியால் அடிக்கும்போது இன்னும் கை சிலிர்க்கிறது. அதற்கப்புறம் ரோடு, ரோடு, ரோடு. பாம்பு சின்ன போனில்தான் அழகு, பெரிய திரையில் அது வெறும் புழு. செங்கல் உடைக்கிற கேம் மணிக்கட்டை வலிக்க வைக்கும், ஆனாலும் எழும்ப விடாது. அப்புறம் குண்டுக்கட்டம். சின்னதில் நாம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கி, வெடித்தால் கைதட்டுவோமே, அது. அந்தக் கட்டங்களில் வருகிற நம்பருக்கு அர்த்தம் உண்டு என்று இருபத்து மூன்று வயதில்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் எத்தனை குண்டு இருக்கிறது என்று அது ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நாம்தான் கேட்கவில்லை.

கடைக்கு வருகிற போன்களில் இருக்கிற கேம்களையும் பார்க்கிறேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம். வைத்துவிட்டுப் போனால், ஏன் வரவில்லை, உன் கோழிகள் பசியாக இருக்கின்றன என்று மெசேஜ். பழசு ஒன்றும் அப்படிக் கெஞ்சாது. நீ வந்தால் வா, தோற்றால் தோற்றாய். பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் விட்ட இடத்தில் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஆனாலும் முதல் இடம் கோட்டைக்குத்தான். உனக்குத் தெரிந்ததுதான், வேறு யாராவது இதைப் படித்தால் புரியட்டும் என்று சொல்கிறேன். ஒரே சிடியில் நூறு கேம் என்று வரும் பாரு, அதில் அறுபத்தி ஏழாவது. நிஜப் பெயர் என்னவோ ஒரு பாஷையில் இருந்தது, நாம் கோட்டை என்றே கூப்பிட்டோம். ஒரு கோட்டைக்குள் இரண்டு கைதிகள். நெட்டையன் தாவுவான், குட்டையன் கனமான கல்லின் மேல் நின்று கதவைத் திறந்து பிடிப்பான். ஒருவன் விட்டால் இன்னொருவன் செத்தான். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாட வேண்டும். இடது பக்க எழுத்துகள் உனக்கு, நெட்டையன். வலது பக்க அம்புக்குறிகள் எனக்கு, குட்டையன். ஒற்றை ஆளாக விளையாடவே முடியாது. நான் இரண்டு கையாலும் முயன்று பார்த்தேன் மக்கா, மூன்றாவது லெவலிலேயே இரண்டு பேரும் தண்ணீரில்.

மொத்தம் இருபது லெவல். இந்தக் கேமில் சேவ் கிடையாது. ஒரு லெவல் முடிந்தால் எட்டு இலக்க எண் ஒன்று வரும், அடுத்த தடவை அதைப் போட்டால் அங்கிருந்து தொடங்கலாம். அந்த எண்களை எல்லாம் உன் வீட்டுச் சுவரில், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவில் இருக்கிற ஒரு முழ இடத்தில், இரண்டு வரிசையாக நீ எழுதி வைத்தாய். பள்ளிக்கூட நாளில் பென்சிலால் ஆரம்பித்தது. நான் காலேஜை விட்டு வந்த பிறகு ஞாயிறுதோறும் மறுபடி உட்கார்ந்தோமே, அது பேனாவால். இருபதாவது லெவலின் எண் வந்த அன்று கரண்ட் போனது. "இருக்கட்டுடே, எண் கெடச்சாச்சு, அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்றாய். அடுத்த ஞாயிறு உனக்குக் காய்ச்சல்.

உன் ஆண்டு நினைவுப் பூசை முடிந்துதான் உன் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். ஒரு வருஷமாக வாசலோடு திரும்பிப் போனவன். உள்ளே போய் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்த்தேன். வெள்ளை. சுத்த வெள்ளை. ஒரு எண் இல்லை.

"மாமி, இதுல எழுதியிருந்தது எங்க?" என்றேன்.

உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஒங்க மாமாதான் சுண்ணாம்பு அடிச்சாவ. பூசைக்கு ஆளு வரும், அந்தச் சொவர எவனும் பாக்கக்கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னாவ. மத்தச் சொவரெல்லாம் அப்பிடியே கெடக்கு பாரு" என்றாள்.

செல்போன் சர்வீஸ் பண்ணுகிறவன், ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கிறேனா? இல்லை. சுவர் எங்கே போய்விடும் என்று இருந்தேன். யார் பார்த்தால் என்ன, எதற்கு மறைக்க வேண்டும் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

மூன்று நாள் கழித்து உன் அப்பாவே கடைக்கு வந்தார். திங்கள்சந்தை வரைக்கும் பஸ்ஸில். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் ஒரு நோட்டு, தோளில் பையில் வள்ளத்து ஜிபிஎஸ். கடையில் வேறு ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் காதோரம் குனிந்தார்.

"மக்களே, நீ படிச்ச பயலாச்சே. இந்த மெஷின் சிலத ஏத்துக்கிடவே மாட்டேங்குது. என்னன்னு பாரு. ஆருட்டயும் மூச்சு விடப்பிடாது."

நோட்டைத் திறந்தேன். நம் எண்கள். இரண்டு வரிசை, அப்படியே. ஒவ்வொன்றிலும் இரண்டு இலக்கத்துக்கு அப்புறம் ஒரு புள்ளி வைத்திருந்தார், சிலதில் மசி அப்பிக் கிடந்தது.

"இது என்னதாக்கும் மாமா?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"ஆன்றோக்க பாரு. புதுசா ஒரு பாரு கண்டுபிடிச்சிருக்கேன், கிறிஸ்மஸுக்குக் காட்டித் தாரேன்னு சொல்லிட்டே இருந்தாம்லா. சொவத்துல எழுதி வச்சிருக்கான் பய. இந்த வரிச வடக்கு, அந்த வரிச கெழக்கு. இங்க ரெண்டு சைபர் எட்டுல தொடங்குது, அங்க ரெண்டு எழுவத்தேழுல. நம்ம கடலுதான், வேற என்ன?"

பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைக்கூட்டம். மீன் அங்கேதான் அடையும். கண்டுபிடித்தவன் சொந்தத் தம்பிக்கும் சொல்ல மாட்டான். நம் முட்டம் ஊரில் அதை மறைக்கிறதுக்குச் சுவருக்கு என்ன, வீட்டுக்கே சுண்ணாம்பு அடிப்பார்கள். நீ செத்து ஒரு வருஷம் ஆகியும் அந்த மனுஷன் உன் ரகசியத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "பாக்குகேன் மாமா" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. எனக்கு ஒரு டீ வாங்கித் தந்துவிட்டு, தான் குடிக்காமல் பஸ் ஏறினார்.

அதோடு நிற்கவில்லை. அந்த வியாழக்கிழமை நானும் வள்ளத்தில் போனேன். கூப்பிட்டார், மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. நான் வள்ளத்தில் போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். லைட்ஹவுஸ் சின்னதாவதற்குள்ளேயே காலையில் தின்ற ஆப்பம் கடலுக்குப் போயிற்று.

"இதுதான் நீ பெரிய படிப்பு படிச்ச லெட்சணமா?" என்று உன் அப்பா சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல். ஜிபிஎஸ் கத்தின இடத்தில் எஞ்சினை நிறுத்தி, தூண்டிலை இறக்கினார். வெறும் மணல். அரை மணிநேரம் காத்திருந்து, வேறு ஜோடி எண்ணைப் போட்டு, இன்னும் தூரமாய்ப் போய் மறுபடி இறக்கினார். ஒரு கடிகூட இல்லை.

"ஆழத்துல எங்கயோ கெடக்கு. அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. எத்தனை நாளாய் இப்படிப் போய் வருகிறார் என்று கேட்டேன். "சுண்ணாம்பு அடிச்சதுலேர்ந்து, வலைக்குப் போற நாளு போக மிச்ச நாளெல்லாம்" என்றார்.

எனக்கு வாந்தி நின்றுவிட்டது. நான் ஒரு வாய் திறந்தால் இந்த மனுஷனின் பார் போய்விடும். திறக்காவிட்டால் எண்ணெயை எரித்துக்கொண்டு மணலில் தூண்டில் போட்டுக்கொண்டே இருப்பார், உன் பேரில். இரண்டில் எது உனக்குச் சம்மதம் என்று கேட்க உன்னைத் தேடினேன். நீதான் இல்லையே.

கரையேறி வள்ளத்தைத் தள்ளி வைத்த பிறகு சொன்னேன். நின்றுகொண்டு சொன்னால் ஓடிவிடுவேன் என்று மணலில் உட்கார்ந்து சொன்னேன்.

"மாமா, அது பாரு இல்ல. கேமு. நானும் அவனும் விளையாடின கேமுக்க நம்பரு அது."

அவர் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. முழுசும் சுருட்டி, முடிச்சுப் போட்டு, வள்ளத்துக்குள் எறிந்த பிறகுதான் கேட்டார்.

"எல்லாமா?"

"எல்லாந்தான் மாமா. மன்னிச்சிருங்க. அன்னிக்கே சொல்லிருக்கணும்."

"ஒண்ணு மலைக்கு மேலயில்லா காட்டிச்சு. இவன் மலையில போயி என்ன மீனு பிடிச்சான்னு நான் ஒரு நாளெல்லாம் யோசிச்சேன்."

"அது ஒம்பதாவது லெவலு மாமா."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது, எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மூக்கைச் சிந்திவிட்டு, நோட்டை எடுத்து என் மடியில் போட்டார்.

"கடைசி நம்பருக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"தெரியாது மாமா. நாங்க போகல. போறதுக்குள்ள அவனுக்குக் காய்ச்சல்."

"நீங்க ரெண்டுபேரும் போகாத எடமா?"

"ஆமா."

"அப்போ அதும் பாருதான். ஞாயித்துக்கெழம கடலுக்குப் போக்கு இல்ல. பூச முடிஞ்சு வா."

இனிதான் கூத்து. ஞாயிற்றுக்கிழமை உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். தூசி தட்டி, ரேம் கார்டைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டதும் எழும்பிவிட்டது. நோட்டை விரித்து இருபதாவது எண்ணை அடித்தேன். தவறு என்று வந்தது. மறுபடி அடித்தேன். தவறு. பத்தொன்பதாவதைப் போட்டேன், அதுவும் தவறு.

உன் அப்பா பின்னால் நின்று தலையைச் சொறிந்தார். "எடே, அது ரெண்டும் கரையில போயி விழுந்துது. பய அவசரத்துல தப்பா எழுதிட்டான்னு நான் திருத்திட்டேன்."

"திருத்திட்டியளா?"

"கடலுக்குக் கொண்டு வந்துட்டேன்."

கரையில் விழுந்த பாயிண்டை எல்லாம் பேனாவால் குத்திக் குத்தித் திருத்தியிருக்கிறார், அடியில் என்ன இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்தும் தெரியவில்லை. சுவரில் சுண்ணாம்பு. நல்லவேளை, பதினெட்டாவது மட்டும் முதலிலேயே கடலில் விழுந்திருக்கிறது. அதைத் தொடவில்லை. ஆக, பதினெட்டைத் தாண்டினால் பத்தொன்பதின் எண், அதைத் தாண்டினால் இருபதின் எண். அதற்கு ஒரு நெட்டையன் வேண்டும்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் உன் அம்மாவைப் பார்த்தார். "என்னய என்னதுக்குப் பாக்குகிய? போயி இரிங்க" என்றாள் மாமி. "ஒருத்தன இதுலேர்ந்து எழுப்ப நான் பட்ட பாடு போதாதுன்னு இப்போ மூத்தது ஒண்ணு வந்து இரிக்கி."

உன் நாற்காலியில் உட்கார்ந்தார் மக்கா. இடது பக்கம். வள்ளத்து எஞ்சினைப் பிடிக்கிற கை, ஒரு விரல் இரண்டு எழுத்தை ஒன்றாக அமுக்குகிறது. முதல் ஞாயிறு முழுக்க நெட்டையன் சுவரில் முட்டிக்கொண்டே இருந்தான். நான் கத்தினேன். உன்னிடம் கத்துகிற மாதிரியே கத்திவிட்டேன், கெட்ட வார்த்தையோடு. கத்திய பிறகுதான் பக்கத்தில் யார் என்று உறைத்தது. அவர் திரும்பிப் பார்த்து, "அவனையும் இப்பிடித்தான் ஏசுவியா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ ஏசு" என்றார்.

பதினெட்டில் தண்ணீருக்கு மேல் ஒரு பலகை வந்து வந்து போகுமே, நாம் மூன்று வாரம் செத்தோமே, அந்த இடத்தில், நாங்கள் உட்கார்ந்த இரண்டாவது ஞாயிறு, அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கால் ஆட ஆரம்பித்தது, சும்மா இருக்க என்னால் எப்போது முடிந்தது?

"சாடுங்க மாமா."

"சும்மா இரி. வள்ளம் எறக்கும்போ அல பாத்துல்லா எறக்குவோம். இதுவும் அதுதான். மூணு தடவ வெரசா வருது, நாலாவது தடவ பைய நிக்குது. நாலாவதுல சாடணும்."

நாலாவதில் தாவினார். நெட்டையன் அந்தப் பக்கம் நின்றான். நாம் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்தோமா? கண்ணை மூடிக்கொண்டு தாவி, எப்படியோ ஒரு நாள் விழாமல் போனோம், அவ்வளவுதான்.

பத்தொன்பதாவது எண் வந்ததும் அவரே எழுந்து போய் அந்த வெள்ளைச் சுவரில் எழுதினார். இந்தத் தடவை புள்ளி வைக்கவில்லை. நான் போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எழும்பும்போது என்னிடம் கேட்டார், "நீ காலேஜப் பாதியில விட்டுட்டியாமே. ஆன்றோவுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "எனக்கு அவன் சொல்லல. ரகசியம் காக்கத் தெரிஞ்ச பயதான்" என்றார். கடையில் ஏழு மாதம் நின்றது போதும் என்று போன வாரம் தோன்றியது. இப்போது எட்டாவது மாதத்தையும் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அந்த இரண்டு பழைய கம்ப்யூட்டர்களில் ஒன்றை நம்ம ஊர் கிளப்புக்குக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்மஸ் விளையாட்டு விழாவில் வழுக்குமரம், பானை உடைப்பு, ஸ்லோ சைக்கிளோடு கோட்டையும் ஒரு ஐட்டம். ஜோடியாகத்தான் சேர வேண்டும். செயலாளர் முதலில் மூக்கைச் சுளித்தார். விளையாடிப் பார்க்கச் சொல்லி உட்கார வைத்தேன், எழும்ப ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. முதல் ஜோடியாகப் பேர் கொடுத்திருப்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் புதுப் பார் நிஜமா? என்னிடமும் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன் அப்பா இப்போது ஜிபிஎஸ்ஸை வைத்துவிட்டு, பழைய கடல்காரர்கள் மாதிரி கரையிலிருக்கிற மலையையும் கோபுரத்தையும் லைட்ஹவுஸையும் கண்ணால் கோர்த்துப் பார்த்துத் தேடுகிறார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறார். ஆனால் தேடுகிறார். நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு அவரிடம் அதைச் சொன்னாய், மேற்கேயா, தெற்கேயா?

பத்தொன்பதில் நான்கு ஞாயிறாகச் சாகிறோம். கடைசிக் கதவு வரை போய்விட்டோம், கல்லை நான் ஒரு நொடி முன்னாலேயே விட்டுவிடுகிறேன். அவசரம், என் புத்தி உனக்குத் தெரியாதா? இனி விட மாட்டேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு: நெட்டையன் அந்தப் பக்கம் கால் வைக்கிற வரை குட்டையன் கல்லை விட்டு இறங்க மாட்டான். இருபதாவது திறந்தால் உள்ளே என்ன இருந்தது என்று முதலில் உன் கல்லறையில் வந்து சொல்கிறேன், அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

பூசை விட்டாச்சு. உன் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "எலே வலது பக்கம், வாறியா இல்லியா?" என்று கூப்பிடுகிறார். நான் போகணும் மக்கா.

உங்கள் வீட்டு இரண்டாவது பிள்ளை,
பிபின்